எண் போடாத கதவு

அணை கட்ட ஊரைக் காலி செய்தபோது கணக்கெடுத்தவன் நான். கதவைத் தட்டி, ஆள் இருந்தால் சிவப்பு பெயிண்டில் எண் போடுவேன். எண் போட்ட வீட்டுக்காரர்களுக்குத்தான் மாற்று வீடு. மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு.

எண்ணைக் காட்டினால்தான் வீடு தருவார்கள் என்று நினைத்து, எல்லோரும் கதவையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அவை இப்போது மாற்று வீடுகள் இருக்கும் அடுக்குமாடியின் கீழே, வண்டி நிறுத்துமிடத்தில், சுவரோடு சாய்ந்து கிடக்கின்றன.

இன்று காலை காவலாளி கூப்பிட்டார். "சார், ஒரு கதவு அதிகமா இருக்கு."

"சரியா எண்ணுங்கண்ணே."

"மூணு தடவை எண்ணிட்டேன். அதுல நம்பரே இல்ல. கீழ்ப்பாதி நனைஞ்சிருக்கு."

நீலக் கதவு. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடைசித் தெருவில் கடைசி வீடு. அன்று ஒரே ஒரு முறைதான் தட்டினேன். "இருங்க, வரேன்" என்று உள்ளேயிருந்து ஒரு வயதான குரல் கேட்டது. பாழாய்ப்போன பசி. 'ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்தேன். எண் போடுமுன் பழக்கதோஷத்தில் கதவைத் தட்டினேன். அதற்குப் பின்னால் வெறும் சுவர்தான்.

"இருங்க, வரேன்."

இந்த முறை நின்றேன்.