ஏழு வருஷம் தாங்குமா?

கடைக்குள் வந்தவர் முதல் வேலையாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். கண்ணாடியில் தொங்கிய ‘திறந்திருக்கிறது’ அட்டையையும் திருப்பிவிட்டார்.

அந்தச் சின்ன ஒயின் கடையில் அவள் தனியாக இருந்தாள். மணி மூன்றரை. மழை பிடித்துக்கொண்டதில் தெருவில் ஈ காக்கை இல்லை.

“எதுக்கு சார் கதவைச் சாத்தறீங்க?”

“நடுவுல யாரும் வரக் கூடாது. அரை மணி நேரம் போதும்.”

ஐம்பது வயதிருக்கும். நனைந்த சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கீழ்த்தட்டருகே குனிந்து இரண்டு பாட்டில்களை எடுத்துக் கல்லா மேஜைமேல் வைத்தார். இத்தாலியிலிருந்து வரும் சிவப்பு ஒயின். கடையிலேயே விலை மலிவானது.

“ஒண்ணைத் திறந்து நீங்க ருசி பார்த்துச் சொல்லணும். ஏழு வருஷம் தாங்குமா?”

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். “இது வாங்கின வாரமே குடிச்சுத் தீர்க்கிற சரக்கு சார். வெச்சிருந்து குடிக்கணும்னா மேல் தட்டுல வேற நல்லது இருக்கு.”

“வேற வேண்டாம். இதுதான் வேணும்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. தக்கை எடுக்கும் திருகியைத் தேடுவதுபோல் மேஜைக்கடியில் குனிந்து, இரண்டு தெரு தள்ளி மெக்கானிக் கடை வைத்திருக்கும் தம்பிக்கு ‘உடனே வா’ என்று செய்தி அனுப்பினாள்.

தக்கையை இழுத்தெடுத்தாள். கோப்பையில் இரண்டு விரல் அளவு ஊற்றி, வெள்ளைத்தாளுக்கு முன்னால் சாய்த்துப் பிடித்தாள். ஓரத்தில் இன்னும் நாவல்பழ நிறம். வயதானால் வரும் செங்கல் நிறம் எட்டிப் பார்க்கவே இல்லை.

“இளசுதான்,” என்றாள்.

கோப்பையைச் சுழற்றி மோந்தாள். செர்ரிப்பழ வாசனை, அதற்கடியில் காய்ந்த இலை. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, பக்கத்திலிருந்த கிண்ணத்தில் துப்பினாள். பயந்து கிடந்த உடம்பில் நாக்கு மட்டும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

“புளிப்பு நல்லா இருக்கு. துவர்ப்பு ஈறைப் பிடிச்சு இழுக்குது. ஆயுசு குடுக்கிறது இந்த ரெண்டும்தான். ஆனா பழ ருசி கொஞ்சம் மெலிசு. மூணு வருஷம் ஜம்முனு இருக்கும். அஞ்சு தாங்கும்.”

“ஏழு?”

“உறுதியா சொல்ல முடியாது.”

“அந்தத் துவர்ப்பு அடங்கிடுமா?”

“நாள் ஆக ஆக அடங்கும். கசடா அடியில தங்கிடும். சிலது அடங்காமலே கெட்டுப்போறதும் உண்டு.”

அவர் அவளுடைய முகத்தையே பார்த்தார். “இதெல்லாம் யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?”

“என் வீட்டுக்காரர்கிட்ட. கடை அவரோடது. அவர் போய் மூணு வருஷம் ஆச்சு.”

“தெரியும்.”

அவள் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தாள். தம்பியை இன்னும் காணோம். பேச்சை வளர்த்தால்தான் நேரத்தைக் கடத்த முடியும்.

“மேல எத்தனையோ பாட்டில் இருக்கு. இந்த ஒயின்மேல மட்டும் ஏன் சார் இவ்வளவு பிடிவாதம்?”

“ஒரு தடவை ஒருத்தர் கையில பார்த்தேன். அதைத் திறக்க அவருக்குக் குடுத்து வைக்கல.”

கூரையில் மழை சடசடவென்று கொட்டியது. திறக்காத பாட்டிலை அவர் இரண்டு கையாலும் மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார்.

“எப்படி வெச்சா ஏழு வருஷம் நிக்கும்? அதைச் சொல்லுங்க.”

“இருட்டுல, குளிர்ச்சியா, படுக்க வெச்சு. அடிக்கடி ஆட்டக் கூடாது. அப்படி வெச்சா ஒருவேளை தாங்கலாம்.”

“அப்ப இங்கயே இருக்கட்டும். நீங்கதான் வெச்சிருக்கணும்.”

“ஏன், உங்க வீட்டுல வெச்சுக்க வேண்டியதுதானே?”

“வீட்டுல நான் இருக்க மாட்டேன்.”

அப்போது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. கண்ணாடி வழியே காக்கிச் சட்டைகள் தெரிந்தன. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி கெட்டிக்காரன், தான் மட்டும் வராமல் போலீஸையே அனுப்பிவிட்டான்!

கதவை நோக்கி ஓடினாள். அவர் தடுக்கவில்லை, இருந்த இடத்தைவிட்டு அசையவுமில்லை.

தாழ்ப்பாளில் கை வைத்த நேரம் போன் அதிர்ந்தது. தம்பி. ‘வண்டிக்கு அடியில இருந்தேன் அக்கா, இப்பதான் பார்த்தேன். என்ன ஆச்சு?’

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெளியே நின்ற இரண்டு போலீஸ்காரர்களும் கதவைத் தட்டவில்லை. ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மழைக்கு ஒதுங்கி நின்றார்.

“நாலு மணிக்கு இங்க வரச் சொன்னதே நான்தான்,” என்றார் அவர். “ஸ்டேஷன்ல காலையிலேயே எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன். உங்ககிட்ட நானே நேர்ல சொல்லணும்னு அரை மணி நேரம் கெஞ்சி வாங்கினேன். வந்து பார்த்தா வாய் வரல. ஒயினைப் பத்தியே பேசிட்டு நிக்கறேன்.”

“என்ன சொல்லணும்?”

“ஏழு வருஷம் உள்ள இருக்க வேண்டி வரும்னு வக்கீல் சொல்றார். திரும்பி வந்ததும் நேரா இங்கதான் வருவேன். அந்த பாட்டிலைத் திறக்கறதா, என் தலையில போட்டு உடைக்கறதான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

“நான் எதுக்கு சார் முடிவு பண்ணணும்? நீங்க யாரு?”

அவர் முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்க வீட்டுக்காரர்மேல காரை ஏத்திட்டு, நிறுத்தாம போனவன்.”