வெள்ளிக்கிழமைச் சைவம்

2006 ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மொன்றியல் லாசாலில் உள்ள ஒரு மெக்சிக்கோ சாப்பாட்டுக் கடையில் சாம்பவி தன் கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய சோடி ஒன்றை மாட்டிக்கொண்டாள்.

"கத்தியையும் கழுவும் பிள்ளை," என்றார் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்ற பேரின்பநாதன். நெற்றியில் திருநீறு இன்னும் ஈரமாக இருந்தது. "முன்னம் கோழி வெட்டியிருப்பீர்."

"கழுவியாச்சு அண்ணை. வழக்கம்போல பீன்ஸ்தானே?"

"பிறவிச் சைவத்துக்கு இஞ்ச வேற என்ன கிடக்கு? சோறு வைக்காதையும். பீன்ஸையே நிரப்பும்."

மசித்து வதக்கிய பீன்ஸை மூன்று கரண்டி அள்ளி ரொட்டியில் வைத்துச் சுருட்டினாள் சாம்பவி. அவர் நான்காவது கரண்டிக்கும் கண் காட்டினார். வைத்தாள்.

பேரின்பநாதன் கோயில் நிர்வாக சபைத் தலைவர். பங்குனி மாதம் வரை அந்தக் கோயிலின் அன்னதானச் சமையலில் சாம்பவியும் ஒருத்தி. ஒரு நாள் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது அவர் நேரே வந்து, அவள் கையில் இருந்த அகப்பையைப் பறித்தார். "மச்சம் மாமிசம் வெட்டுற கை சுவாமியின்ர சோத்தில படக்கூடாது," என்றார். சாப்பாட்டுக்காக நின்ற வரிசை முழுவதும் அதைக் கேட்டது. சிலர் சிரித்தார்கள். அதன்பின் அவள் கோயில் பக்கம் போகவில்லை.

அவளை இந்தக் கடையில் கண்டதால்தான் அவருக்கு அவள் வேலை தெரியும். அகப்பையைப் பறித்த பிறகும் ஒவ்வொரு வெள்ளியும் தனியாக வந்தார். யன்னலுக்கு முதுகைக் காட்டி, மூலை மேசையில் இருந்து சாப்பிட்டார்.

அந்த பீன்ஸ் பன்றிக் கொழுப்பில் வதக்கியது. மெக்சிக்கோக்காரியான கடைக்காரி தன் ஊர் வழக்கப்படி அப்படித்தான் செய்வாள். பருப்பு மாதிரித் தெரிவதால் எங்கள் ஆட்கள் ஒருவரும் கேட்பதில்லை. சாம்பவி முதலில் அவரிடம் சொல்லத்தான் இருந்தாள். அகப்பை போன பிறகு சொல்லவில்லை.

"இண்டைக்குச் சொல்லப் போறன்," என்று காசு மேசையில் நின்ற பிரியந்தியிடம் முணுமுணுத்தாள். "நாளைக்குக் கொடியேற்றம். முன்னுக்கு நிண்டு கும்பிடேக்க வயித்துக்குள்ள என்ன கிடக்கு எண்டு அவருக்குத் தெரியோணும்."

"பாவமடி."

"எனக்கு ஆர் பாவம் பாத்தது?"

பேரின்பநாதன் கடைசித் துண்டை விழுங்கி, விரலை நக்கிக்கொண்டிருந்தார். சாம்பவி போய் அவர் முன்னால் இருந்தாள். நாலு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னாள்.

"அண்ணை, நீங்கள் இவ்வளவு நாளும் திண்ட பீன்ஸ் பண்டிக் கொழுப்பில வதக்கினது."

பிரியந்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பேரின்பநாதன் ஓங்காளிக்கவில்லை. எழும்பவுமில்லை. கடதாசியால் உதட்டைத் துடைத்தார், ஒருமுறை வாசலைப் பார்த்தார், பிறகு மேசைக்கு மேலால் குனிந்தார்.

"தெரியும் பிள்ளை. ரொக்ஸ்பரோவில இருந்து இவ்வளவு தூரம் வெறும் பீன்ஸுக்கே வாறன்?"

பிரியந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பழி வாங்கிறன் எண்டு நாலு மாசமா அவருக்கு விருந்தெல்லோ வைச்சிருக்கிறாய்!"

"வீட்டில மனிசி முட்டையும் உள்ள விடாள்," என்றார் அவர், குரலை இன்னும் தாழ்த்தி. "கோயில்ல வாய் திறந்திடாதையும். மனிசி கேள்விப்பட்டா அவ்வளவுதான். நாளைக்கே உம்மைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கிறன். சபையில நானே சொல்லுறன்."

"வேண்டாம் அண்ணை."

"அப்ப என்னதான் வேணும்?"

சாம்பவி எழுந்தாள். அவர் தட்டை எடுத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு வெள்ளியும் இதே நேரத்துக்கு வரோணும். ஒருக்கா வராட்டியும் உங்கட வீட்டு அக்காவுக்கு ரெலிபோன் போகும்." பிறகு காசு மேசைப் பக்கம் திரும்பினாள். "பிரியந்தி, இனி இந்த அண்ணைக்குச் சுத்த சைவம் மட்டும்தான்."

அடுத்த வெள்ளிக்கிழமை பேரின்பநாதன் வந்தார். சலாது இலையும் தக்காளியும் தின்றுவிட்டுப் போனார்.