ஏழாவது ஜாக்கெட்

அந்தக் காலத்து விமானிகள் போட்ட ஆட்டுத்தோல் ஜாக்கெட் என்றால் எனக்குப் பைத்தியம். அலமாரியில் ஆறு தொங்குகின்றன. காய்கறி வாங்கப் போனாலும் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் போவேன்.

ஏழாவது வந்தபோது அதன் கை கிழிந்திருந்தது. தையல்காரரான என் அப்பா மூன்று நாள் உட்கார்ந்து, பழைய ஊசித் துளைகளிலேயே நூலை விட்டு, தைத்ததே தெரியாமல் தைத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பழைய ஜாக்கெட் சேகரிப்பவர்களின் சங்கக் கூட்டத்துக்கு அவரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சங்கத் தலைவர் ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்து, "யாரோடது இது?" என்றார்.

"எங்கப்பாவோடது. பைலட்டா இருந்தார்." வாய் கூசாமல் சொன்னேன்.

"அப்ப இவரு?"

"நம்ம டெய்லர்."

அப்பா தலைவருக்குக் கும்பிடு போட்டார். வீடு வரும்வரை நான் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஜாக்கெட்டை மடியில் வைத்து, தைத்த கையை நீவிவிட்டுக்கொண்டே வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் மதியம் அதே ஜாக்கெட்டோடு வேலையிலிருந்து திரும்பினேன். வெளியே நல்ல வெயில். தையல் மிஷின் முன்னால் இருந்த அப்பாவின் புருவம் வெளுத்திருந்தது. பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று தட்டிவிட்டேன். அது பனி. என் விரலில் கரைந்தது.

"என்னப்பா இது?"

அப்பா எழுந்து நின்றார். காது அடைத்துப்போனவர் மாதிரி சத்தமாக, ஆனால் வாடிக்கையாளரிடம் பேசும் அதே பணிவோடு கேட்டார்:

"மேல பறக்கறப்ப ரொம்பக் குளிருது சார். அந்த ஜாக்கெட்ட இன்னிக்கு ஒருநாள் மட்டும் குடுப்பீங்களா?"