ஏழு படி மிச்சம்

கார்த்திகை மாதத்துக் காலை வெயில் திருத்தணி மலைப்படிகளில் மெல்ல இறங்குகிறது. கன்னியம்மாள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, கற்பூரம் ஏற்றிக்கொண்டே போகிறாள். பின்னால் வரும் அவள் கணவர் பரந்தாமன் முந்நூற்று ஐம்பத்தெட்டாவது படியில் வழக்கம்போல் உட்கார்ந்துவிடுகிறார். உச்சிக்கு இன்னும் ஏழே படிகள். எழுபத்தொன்றாம் வருடத்துப் போரில் பிடிபட்டு எதிரி நாட்டுச் சிறையில் கிடந்தபோது, பக்கத்து அறைச் சீக்கிய வீரன் குர்சரணை அவர் மனசுக்குள் இந்த மலைக்குத்தான் கூட்டிவந்துகொண்டிருந்தார். இருவரும் முகம் பார்த்ததில்லை; சுவர் வழியாகப் பேச்சு மட்டும்தான். சாயங்காலமானால் நடுச்சுவரில் இவர் ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு நாளைக்கு ஒரு படி. அந்தப் பக்கமிருந்து பதில் தட்டு வந்தால் அவனும் ஏறிவிட்டான். இந்தப் படிவரை வந்திருந்தபோது, திடீரென்று ஒருநாள் இவரை மட்டும் விடுவித்து லாரியில் ஏற்றினார்கள். அவன் என்ன ஆனானென்று இன்றுவரை தெரியாது. கற்பூரப் புகையில் மலை கொஞ்சம் மிதக்கிறது. பரந்தாமன் விரலை மடக்கிக் கல்லில் ஒருமுறை தட்டிவிட்டுக் காது கொடுக்கிறார்.

"இந்த வருசமாச்சும் மேல வாங்களேன்."

"அவன் வரட்டும். நீ போய்க்கினே இரு."

கன்னியம்மாள் போகவில்லை. பூசைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து கல்லில் ஒரு தட்டுத் தட்டுகிறாள். பரந்தாமன் சிரிக்கிறார்.

"அவன் கையில இரும்புக் காப்பு போட்டிருந்தான், கன்னிம்மா. அதாலதான் தட்டுவான்."

அவள் வளையல் கையைத் தூக்கிப் படியோரத்து இரும்புக் கைப்பிடியில் தட்டுகிறாள். ணங்கென்கிறது. பரந்தாமன் எழுகிறார். பக்கத்தில் ஓர் ஆள் நடக்க இடம்விட்டு, அடுத்த படியில் காலை வைக்கிறார்.