வேட்டியில் இரண்டு நாடுகள்

மிட்டாய்க் கடை குஞ்சிதபாதம் வெள்ளை வேட்டியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். நெய் ஒழுகும் அசோகா அல்வா நிரப்பிய இரண்டு பெட்டிகள் அவர் தொடைமேல் இருக்கின்றன. வலப்பக்கப் பெட்டி இந்தோனேசியாவிலிருந்து வந்த அட்டையில் செய்தது, இடப்பக்கப் பெட்டி பின்லாந்து அட்டையில். எது கசிகிறது என்று வேட்டிதான் அவருக்குச் சொல்ல வேண்டும். பெட்டி செய்யும் அருள்மேரி பார்க்கத் துணியாமல் தெருப்பக்கம் திரும்பி நிற்கிறாள். அவருடைய தீபாவளிப் பெட்டி ஆர்டரை நம்பி இந்தோனேசிய அட்டையை முன்கூட்டியே வாங்கி, கட்டிலுக்கடியில்கூட அடுக்கிவிட்டாள். காலை வெயில் கண்ணாடி அலமாரியில் பட்டு ஜாங்கிரிகளை மினுக்குகிறது. "பாத்தியாம்மா, உன் இந்தோனேசியா கசியுது!" அவள் திரும்புகிறாள். வலத்தொடையில், பெட்டியோரம், ஆரஞ்சு நிறக் கறை.  கல்லாவிலிருந்து அவர் மனைவி பொன்னுத்தாய் எட்டிப் பார்க்கிறார். "கறையில நாலு விரல் தெரியுது. கையக் காட்டுங்க." அவர் கை முதுகுக்குப் பின்னால் போகிறது. "ருசிதான் பாத்தேன்..." அருள்மேரி பெட்டியைத் தூக்கி அடியைத் தடவுகிறாள். மொடமொடவென்று காய்ந்திருக்கிறது. பிடித்துவைத்திருந்த மூச்சு சிரிப்பாக வெளியே வருகிறது. "எந்த நாட்டுலேருந்து எடுத்தீங்கண்ணே?" "ரெண்டுலேருந்தும்தான். ருசியில வித்தியாசமே இல்லம்மா, வாங்கி வச்சிருக்கிற அட்டையிலயே போட்டுக் குடு."