அறுந்த கோடு

"இஸ்திரிப் பெட்டி துணிக்கா, தகட்டுக்கான்னு இன்னிக்கு ஒரு முடிவுக்கு வாங்க."

தம்பி செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டாள். அவனுக்குத்தான் சங்கடமாக இருந்தது.

மேஜை மேல் செம்பு பூசிய அட்டை, அதன்மேல் சர்க்யூட் அச்சடித்த வழவழப்பான தாள், அதன்மேல் சூடான பெட்டி. மாமா உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். சூட்டில் பிரிண்டர் மை தாளை விட்டுச் செம்பில் ஒட்ட வேண்டும். அப்புறம் கரைசலில் போட்டால், மைக் கோட்டுக்கு அடியில் இருக்கிற செம்பு தப்பிக்கும். மற்றதெல்லாம் கரைந்துவிடும்.

"ஒரு கோடு அறுந்தாலும் கரண்ட் போகாது மாப்ள. போர்டு குப்பைக்குத்தான்."

"அந்தக் குப்பைக்கூடைக்கு வாயிருந்தா அழும்," என்றாள் அக்கா. வழவழப்பான தாள் வேண்டுமென்று வாரப் பத்திரிகையிலிருந்து அவர் கிழிப்பது, எப்போதும் அவள் படித்து முடிக்காத தொடர்கதைப் பக்கமாம். தம்பியிடம் அந்தப் புகார் வேறு.

கம்பெனியை மூடியதிலிருந்து சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷன், இதைத் தானாகக் கற்றுக்கொண்டுதான் எழுந்தார். ஸ்பீக்கர் ரிப்பேர் கடைக்காரர் ஒரு போர்டு கேட்டிருந்தார். சாயந்திரம் மாட்டிப் பார்ப்பாராம். பாடினால் தொடர்ந்து வேலை. பாடாவிட்டால் மறுபடி அந்தச் சுவர்தான்.

மாமா அட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, கட்டைவிரலால் தாளைத் தேய்த்து எடுத்தார். கறுப்புக் கோடுகள் தெரிந்தன. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"காயட்டும். வேர்த்து ஊத்துது, குளிச்சிட்டு வந்து கரைசல்ல போடறேன்."

"போங்க, தொட்டியைக் காலி பண்ணிட்டு வாங்க."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. குழாய்ச் சத்தம் கேட்டது.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க்கா, மனுஷன் இப்பத்தான் எழுந்து நிக்கறார். நீ பேசியே மறுபடி உக்கார வச்சிடுவே போலிருக்கே?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். மளிகை டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து கூர் முனை மார்க்கர் பேனா ஒன்றை எடுத்தாள். அட்டையை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். நடுவில் ஒரு கோடு மயிரிழை அளவுக்கு அறுந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பேனாவால் இழுத்து ஒட்டினாள். ஓரத்தில் இன்னொன்று.

"இந்த மையும் செம்பைக் காப்பாத்தும்டா."

"அக்கா... எப்பலேர்ந்து இது?"

"முதல் போர்டு வீணான அன்னிக்கு மனுஷன் சாப்பிடவே இல்லை. அப்பலேர்ந்து. சொல்லித் தொலைக்காதே. தன் கையாலதான் வந்துச்சுன்னு நினைச்சாத்தான் அடுத்ததுக்கு உக்காருவார்."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு திட்டு?"

"திட்டலேன்னா சந்தேகம் வந்துடாதா?"

குழாய் நின்றது. பேனா டப்பாவுக்குப் பின்னால் போய்விட்டது. மடித்த துண்டு மடித்தபடியே தோளில் கிடக்க, மாமா வந்தார். அட்டையைக் கரைசலில் போட்டு ஆட்டினார். செம்பு கரையக் கரைய, கோடுகள் ஒன்றுகூட அறாமல் நின்றன.

"பாத்தீங்களா மாப்ள, எல்லாக் கோடும் முழுசா!"

"ஆமா, உலக அதிசயம்," என்றபடி அக்கா உள்ளே போனாள்.

துளையிட்டு, பாகங்களைப் பற்றவைத்து, சாயந்திரம் இரண்டு பேருமாகக் கடைக்குக் கொண்டுபோனார்கள். போர்டு பாடியது. கடைக்காரர் இன்னும் பத்து கேட்டார்.

திரும்பும் வழியில் மாமா ஒரு கடையில் நின்று, கூர் முனை மார்க்கர் ஒன்று வாங்கினார். அதே நிறம், அதே முனை.

"இது எதுக்கு மாமா?"

"டப்பாவுக்குப் பின்னால இருக்கறது தீரப் போகுது. அவ பாக்காதப்ப மாத்தி வச்சிடணும்."

தம்பி நின்றுவிட்டான். "அப்ப உங்களுக்கு..."

"நான் எங்க மாப்ள குளிச்சேன்? குழாய்ச் சத்தம் கேக்கற வரைக்கும்தான் அவ கை நடுங்காம வரைவா."