சுலைகா தராத சொல்

ஒரு சொல்லின் விலை அறுபது காசு. சொர்க்கம் என்றாலும் அறுபது, செருப்பு என்றாலும் அறுபது. அரபு நாவல் ஒன்றைத் தமிழாக்கும் சுலைகாவுக்குப் பதிப்பாளர் பலவேசம் பேசிய கூலி அது.

கூடத்துத் திரைக்கு வெளியே அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே சுலைகா. கணவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்து மூன்று மாதம். அந்நிய ஆண் முன் வராமல் வீட்டோடு இருக்கும் இத்தா நாட்கள்.

"நாவல்ல 'இத்தா'ன்னே போட்டா யாருக்கும்மா புரியும்? துக்க காலம்னு மாத்துங்க. இல்லன்னா நாவலை வேற ஆள்கிட்டதான் குடுக்கணும்."

மூன்று வருட உழைப்பு கைமாறிவிடும். ஆனால் அவள் யாவாரி வீட்டுப் பெண். எதைக் கொடுத்து எதைக் காப்பது என்று தெரியும்.

"சூக்கை சந்தையாக்கிக்கிடுங்க அண்ணாச்சி. காஃபிலாவை வணிகக் கூட்டமாக்கிக்கிடுங்க. திர்ஹமை வெள்ளிக்காசுன்னு போட்டுக்கிடுங்க. இத்தாவை மட்டும் தரமாட்டேன். துக்கம்னா அழுது தீந்தா தீந்துபோவும். இத்தாவுல, அழுகை வந்தாலும் வராட்டாலும் நாள் முடியணும்."

"படிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?"

"நீங்க ஏன் திரைக்கு இங்கிட்டு வரல்ல?"

"வரக்கூடாதுன்னு வாசல்ல சொன்னாங்க."

"ஏன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"கேக்காமலே இவ்வளவு நேரம் மரியாதையா உக்காந்திருக்கீங்கல்லா. படிக்கிறவங்களும் அப்படி உக்காருவாங்க."

பலவேசம் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார். பிறகு அவள் மொழிபெயர்த்த தாள்கட்டைத் திரைக்கு அடியில் உள்ளே தள்ளினார். சுலைகா பென்சிலை எடுத்தாள்.

கொடுத்தது மூன்று சொல், வைத்துக்கொண்டது ஒன்று. வெளியே வர இன்னும் நாற்பது நாள் பாக்கி.